அம்மாவின் ஆர்டர் நோட்டும் என் முதல் அரியரும்

எங்கள் பள்ளியில் படித்துவிட்டு இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி, போன வாரம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "அக்கா, தினமும் படிக்கணும்னு உங்களுக்கு எப்படிக்கா தோணுது?" அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறியதில் பதில் சொல்ல முடியவில்லை. அவளிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தினமும் தோன்றுவதில்லை. மூன்றாம் வருடம் முடியப் போகிறது, இன்றைக்கும் தோன்றாத நாட்கள்தான் அதிகம். தோன்றாத நாளிலும் என்னை நோட்டின் முன்னால் உட்கார வைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. அங்கேதான் அம்மாவின் தையல் மிஷின் இருக்கிறது.

2023-ல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு இன்ஜினியரிங்கில் இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு அது. கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. எங்கள் சித்தி பிளஸ் டூவோடு நின்றதற்குப் பணம்தான் காரணம். எனக்கு அந்தக் காரணம் இல்லை. அதனால்தான் முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் கணக்குப் பாடத்துக்கு நேராக "யு" என்ற எழுத்தை, அதாவது ஃபெயில், திரும்ப எழுத வேண்டும் என்பதைப் பார்த்தபோது, யாரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். சீனியர்கள் சுருக்கமாக எம் ஒன் என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. ஆனால் நூறு மார்க்குக்கு நடக்கும் செமஸ்டர் தேர்வில் 45-ஐத் தொடாவிட்டால் இன்டர்னல் எவ்வளவு இருந்தும் பயனில்லை. எனக்கு இன்டர்னல் நன்றாகவே இருந்தது. பரீட்சை ஹாலில்தான் கை ஓடவில்லை.

ஒன்றுமே செய்யாமல் போய் விழவில்லை. டைம்டேபிள் போட்டேன். சார்ட் பேப்பரில், ஸ்கெட்ச் பேனாவில், காலை 4:30 முதல் இரவு 11 மணி வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பாடம். மூன்று நாள் ஓடியது. நாலாவது நாள் கல்லூரியிலிருந்து வர ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது, அன்றைய கட்டங்கள் காலி. மறுநாள் அந்தச் சார்ட்டைப் பார்க்கவே மனம் கூசியது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். அந்த செமஸ்டரில் மொத்தம் ஐந்து டைம்டேபிள். போடும் நாளில் வருகிற உற்சாகம் உண்மையானதுதான், ஆனால் அது போடுவதோடு தீர்ந்துவிடுகிறது. என் கூடப் படிக்கும் நிறையப் பேர் இன்னும் அந்தச் சார்ட் பேப்பரில்தான் நிற்கிறார்கள், பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்று அம்மா திண்ணையில் கல்யாண வீட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் மிஷினை நிறுத்தினாள்.

"எத்தனை பாடம் பாப்பா?"

"ஒண்ணு."

"அதுல என்னென்ன பாக்கி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாடம் பாக்கி என்று தெரியும். அதில் எது எது பாக்கி என்று கேட்டால்? அம்மா திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தன் ஆர்டர் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. அன்றுதான் படித்தேன்.

நீளமான கணக்கு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆர்டர். மேலே பெயர், ஊர். வலது ஓரத்தில் அந்தத் துணியிலிருந்து நறுக்கிய ஒரு சின்னத் துண்டு, ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கும். கீழே அளவுகள்: உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. அதற்கும் கீழே நாலு கட்டம். வெட்டு, தையல், கொக்கி, எம்மிங் (ஓரத்தை மடித்துத் தைப்பது). முடிந்த கட்டத்தில் ஒரு டிக். தேதி இரண்டு இருக்கும். ஒன்று, ஆள் வாங்க வருகிற தேதி. இன்னொன்று அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி, அதைச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் ஊரில் சொன்ன தேதியில் ப்ளவுஸ் கொடுக்கிற டெய்லர் என்றால் அம்மாதான்.

"ஒரு ப்ளவுஸ்னு எழுதி வெச்சா மலைப்பா இருக்கும். வெட்டுன்னு எழுதினா கத்திரிக்கோலை எடுத்துருவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். எம் ஒன்னில் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு நாலு பக்கம் என்று ஒதுக்கினேன். அம்மாவின் நாலு கட்டத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வெட்டு என்பது படிப்பதற்கு முந்தைய வேலை. பழைய கேள்வித்தாள்களை வரிசையாக வைத்துக்கொண்டு, இந்த யூனிட்டில் எந்தெந்த வகைக் கணக்கு வருகிறது என்று பிரித்து எழுதுவது. கணக்குப் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து. அந்தப் பதினாறும் பெரும்பாலும் எட்டும் எட்டுமாகப் பிரிந்து வரும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில் ஐந்து யூனிட்டும் சேர்ந்து என் நோட்டில் 17 வகைக் கணக்குதான் வந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தது 17 கணக்குக்கு! ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரிக் கணக்கைச் சின்னத் தாளில் எழுதி, துணித் துண்டு மாதிரி ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்தேன்.

தையல் என்றால் தீர்த்து வைத்த கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுவது. கொக்கி என்றால் பார்க்காமல் போடுவது. எம்மிங், இரண்டு மார்க் கேள்விகள். இதில் கொக்கிதான் முக்கியம். கொக்கி வைக்காத ப்ளவுஸ் பார்க்க முடிந்த மாதிரியே இருக்கும், ஆனால் போட முடியாது. முதல் செமஸ்டரில் நான் எல்லாக் கணக்கையும் தையலோடு விட்டிருந்தேன். நோட்ஸைப் பார்த்தால் புரியும், நோட்ஸை மூடினால் முதல் வரி வராது.

இன்னொன்றையும் அம்மாவிடமிருந்துதான் எடுத்தேன். சிவப்பு நூல் மாட்டினால் அன்றைக்குச் சிவப்புத் துணி எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். ஒவ்வொரு துணிக்கும் நூலையும் பாபினையும் மாற்றிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். நானும் ஐகன் வேல்யூ என்ற மேட்ரிக்ஸ் கணக்கு வகையை எடுத்தால் அன்றைக்கு ஐகன் வேல்யூ மட்டும்தான். ஆறு கணக்கு, ஏழு கணக்கு. நாலாவது கணக்குக்கு மேல் கை தானாக ஓடும்.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிற தங்கச்சிகளுக்காக ஒரு விஷயம். வகுப்பில் "ரேங்க் ஆஃப் எ மேட்ரிக்ஸ்" என்று ஓடும்போது எனக்கு அது ஏதோ புதுச் சமாச்சாரம் என்றே பட்டது. அரியர் வந்த பிறகு பரணிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். அணித்தரம்! பன்னிரண்டாம் வகுப்பில் அணித்தரம் கண்டுபிடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதே சாமான்தான், வேறு பெயரில் வந்து நின்றிருக்கிறது. உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். இன்வர்ஸ் நேர்மாறு. டிட்டர்மினன்ட் அணிக்கோவை. பார்ஷியல் டெரிவேட்டிவ் பகுதி வகைக்கெழு. ஃபங்ஷன் சார்பு. இன்டகிரேஷன் தொகையிடல். எதிரெதிரே எழுதி முடித்தபோது முழுசாக ஒரு பக்கம் கூட வரவில்லை. அந்த ஒரு பக்கம் கையில் இல்லாததால்தான் நாலு மாதம் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருடம் முடியும்வரை அது பக்கத்தில் இருக்கட்டும்.

ஐந்தாம் யூனிட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, இன்டகிரேஷனின் வரிசையை மாற்றுவது. இ பவர் மைனஸ் ஒய் பை ஒய் என்று இருக்கும். ஒய் முதலில் எக்ஸிலிருந்து முடிவிலி வரை, பிறகு எக்ஸ் பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை. கொடுத்த வரிசையில் முதலில் ஒய்யை வைத்து இன்டகிரேட் பண்ணப் போனால் ஒரு அடி நகராது. எனக்கு இது பல நாள் பிடிபடவில்லை. ஒருநாள் மதியம் அம்மா ஒரு துணியை வெட்ட முடியாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். துணி கம்மி, நெடுக்கே போட்டால் ஒரு கைதான் வருகிறது. துணியைத் திருப்பிக் குறுக்கே போட்டு, சாக்குக்கட்டியால் கோடு கிழித்தாள். இரண்டு கையும் வந்துவிட்டது. நான் உள்ளே போய் அந்தக் கணக்குக்குப் படம் போட்டேன். ஒய் சமம் எக்ஸ் என்ற சாய்ந்த கோடு, அதற்கு மேலே உள்ள பகுதி. நெடுக்கே நின்ற பட்டையைப் படுக்க வைத்தேன். இப்போது எக்ஸ் பூஜ்யத்திலிருந்து ஒய் வரை. எக்ஸை வைத்து இன்டகிரேட் பண்ணினால் ஒரு ஒய் கிடைக்கிறது, கீழே இருக்கிற ஒய்யோடு அடிபட்டுப் போகிறது. மிச்சம் இ பவர் மைனஸ் ஒய் மட்டும். விடை 1. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்றைக்கும் அம்மா வெட்டிய அந்த நீலத் துணியின் துண்டு இருக்கிறது.

சரி, தினமும் உட்கார்வது எப்படி என்பதற்கு வருகிறேன்.

அம்மா ராத்திரி வேலையை நிறுத்தும்போது எந்தத் துணியையும் முழுசாக முடித்துவிட்டு எழுந்திருக்க மாட்டாள். ஒரு கையைப் பாதி தைத்து, துணியை ஊசிக்கடியில் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவாள். நூல் கோத்திருக்கும், பாபினில் நூல் இருக்கும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மிதிக்க வேண்டியதுதான் பாக்கி. ஏன் என்று கேட்டதற்கு, "முடிச்சுட்டுப் படுத்தா காலையில எதை எடுக்குறதுன்னு யோசிக்கணும். யோசிச்சா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன்" என்றாள்.

நானும் அப்படியே செய்கிறேன். ராத்திரி கடைசிக் கணக்கை முடிப்பதில்லை. நாலு வரி போட்டு, அடுத்த வரி என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துவேன். கீழே பென்சிலில் "காலை: இங்கிருந்து" என்று எழுதுவேன். நோட்டை மூடாமல், பேனாவை மேலே வைத்துவிட்டுப் படுப்பேன். காலை ஐந்தரைக்கு எழும்போது படிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எதுவும் இருக்காது. ஆனால் பாதியில் நிற்கிற கணக்கு ஒன்று இருக்கிறது, அடுத்த வரியும் தெரியும். அதைப் போடுவேன். அதற்கப்புறம் இன்னொன்று போடுவேன். வருகிற உற்சாகம் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில்தான் வருகிறது.

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போக வர மூன்று மணி நேரம். பெரும்பாலும் நின்றுகொண்டுதான். ஒரு கையில் கம்பி, தோளில் பை, புத்தகம் எடுக்க வழியில்லை. அதனால் பஸ்ஸில் படிப்பதில்லை, நினைத்துப் பார்ப்பேன். ஏறும்போது ஒரு கேள்வியை மனதில் எடுத்துக்கொள்வேன். அதற்கு என்ன விடை, என்னென்ன படி, எந்தச் சூத்திரம் என்று உள்ளுக்குள்ளேயே எழுதிப் பார்ப்பேன். பாதியில் மறந்துவிடும். எது மறந்தது என்பதை மட்டும் கல்லூரி வாசலில் இறங்கியதும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். ஆரம்பத்தில் இது வீண் வேலையோ என்ற சந்தேகம் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தால் நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது, இப்படி நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறது. அப்புறம் ஒருநாள் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் அதைத் திரும்பப் படித்தார்கள், சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்கள்தான் முந்தினார்கள். நமக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் புத்தகத்தை எடுப்பதில்லை.

போனைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செமஸ்டருக்கு நூற்றுக்கணக்கான பி.டி.எஃப். வரும், பெயரே இல்லாமல் வெறும் எண்ணாக. வந்த அன்றே பாடத்தின் பெயரும் யூனிட் எண்ணும் போட்டுச் சேமித்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி தேடக் கூடாது, அவ்வளவுதான். வருகைப் பதிவுக்கு 75 சதவீதம் வேண்டும் என்பதால், எடுத்த லீவையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

அந்தக் கடைசிப் பக்கம் எனக்கு உதவிய கதை ஒன்று உண்டு. நாலாவது செமஸ்டரில் அம்மாவுக்கு டெங்கு வந்தது. அரசு மருத்துவமனையில் ஆறு நாள், வீட்டில் படுக்கையில் இன்னும் பத்து நாள். ஆர்டர் நோட்டில் பதினோரு பக்கம் பாக்கி இருந்தது. வெட்டவும் தைக்கவும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கொக்கியும் எம்மிங்கும் தெரியும். அம்மா தைத்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து கொக்கி வைத்து, எம்மிங் பண்ணி, தேதிப்படி கொடுத்தேன். யாருடைய துணி எது, எதில் எது பாக்கி என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நோட்டில் இருந்தது. வெட்டாத துணிகளுக்கு மட்டும் வீடு வீடாகப் போய்த் தேதி தள்ளிக் கேட்டேன்.

அந்தப் பதினாறு நாளும் என் நோட்டைத் தொடவே இல்லை. முதல் வருடமாக இருந்திருந்தால் அத்தோடு அந்த செமஸ்டரே போயிருக்கும். பழையபடி ஒரு சார்ட் பேப்பர் வாங்கியிருப்பேன். இந்தத் தடவை பதினேழாம் நாள் ராத்திரி நோட்டைத் திறந்தேன். "காலை: இங்கிருந்து" என்று பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. எந்த யூனிட்டில் கொக்கி பாக்கி, எதில் எம்மிங் பாக்கி என்று கட்டங்கள் சொல்லின. லீவுக் கணக்கைப் பார்த்தேன், 75-க்கு மேலேதான் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். எந்த ஏற்பாடும் நன்றாக ஓடுகிற நாட்களில் நல்லதாகத்தான் தெரியும். காய்ச்சல் வந்து, கல்யாணம் வந்து, சாவு வந்து, பத்து நாள் எல்லாம் நின்றுபோன பிறகு நம்மைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். சார்ட் பேப்பர் எனக்கு அதைச் செய்யவில்லை. அது நான் தவறவிட்டதைத்தான் காட்டியது. ஆர்டர் நோட்டு அடுத்து என்ன என்று காட்டுகிறது.

எம் ஒன்னை இரண்டாம் செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுதினேன். பி கிரேடு வந்தது. பெரிய கிரேடு ஒன்றும் இல்லை. அம்மா கேட்டுவிட்டு, தன் நோட்டிலேயே ஒரு வெற்றுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, நாலு கட்டம் போட்டு, நாலிலும் டிக் அடித்தாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஹாஸ்டலில் இருக்கும் என் தோழிக்கு இந்த நோட்டு ஒத்துவரவில்லை. அவளுக்கு யாராவது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் ஓடும், அதனால் ஃபைனல் இயர் அக்கா ஒருவரோடு சேர்ந்து படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். கட்டத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. என் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது.

இப்போது மணி பத்தே முக்கால். திண்ணையில் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. பவர் சிஸ்டம் ஆபரேஷனில் எகனாமிக் டிஸ்பாட்ச் கணக்கு, அதாவது மின் தேவையைக் குறைந்த செலவில் ஜெனரேட்டர்களுக்குப் பிரிக்கிற கணக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முதலில் வேண்டிய லாம்டா என்ற எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு ஜெனரேட்டருக்கும் எவ்வளவு என்று பிரித்துப் போட வேண்டியதுதான் அடுத்தது. அதைக் காலைக்கு விட்டிருக்கிறேன்.

தங்கச்சி, இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா. சிலபஸும் பழைய கேள்வித்தாள்களும் எடுத்துக்கொண்டு வா, ஸ்டேப்ளர் இங்கே இருக்கிறது. முதல் யூனிட்டைச் சேர்ந்து வெட்டுவோம்.